கூத்துப் புத்தகம் முதல் கோயில் நோட்டீஸ் வரை: ஸ்கேன் கோளாறுகளைச் சரிசெய்யும் வழி

காட்பாடியில் என் வீட்டு முன்னறைதான் ஸ்கேன் அறை. தட்டைக் கண்ணாடி ஸ்கேனர் ஒன்று, கேமரா மாட்டும் ஸ்டாண்டு ஒன்று, இரண்டு எல்இடி விளக்குகள், ஒரு பழைய கம்ப்யூட்டர். இங்கே வந்து சேர்பவை பெரும்பாலும் வட ஆர்க்காட்டுப் பக்கத்துத் தாள்கள்: தெருக்கூத்துப் புத்தகங்கள், திரௌபதியம்மன் கோயில் அக்னி வசந்த விழா நோட்டீஸ்கள், குடியாத்தம் பக்கத்து நெசவாளர் சங்க ஆண்டறிக்கைகள், பள்ளி மலர்கள். மலிவான தாளில் அச்சான இவற்றில் பல, எந்த நூலகத்துக்கும் போய்ச் சேர்ந்ததில்லை. நம் கையில் இருப்பதே கடைசிப் பிரதியாக இருக்கலாம். அதனால் ஒரு சின்னக் கோளாறு வந்தாலும் விட்டுவிட மனம் வருவதில்லை.

கோளாறு கண்ணில் பட்டதும் பலர் முதலில் மென்பொருளைத்தான் நோண்டுகிறார்கள். நான் பார்த்தவரை பாதிக்கு மேல் காரணம் மேசைமேலேயே இருக்கும்: தாள், வெளிச்சம், கண்ணாடி, புத்தகத்தை வைத்த விதம். முதலில் அங்கே பாருங்கள், அப்புறம் செட்டிங்.

தொடங்கும் முன் இரண்டு வேலை. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பட்டியலிலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், இன்டர்நெட் ஆர்க்கைவிலும் அந்தப் புத்தகம் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் உங்கள் நேரத்தை அங்கே இல்லாத வேறொரு புத்தகத்துக்குச் செலவிடலாம். இரண்டாவது, ஸ்கேனர் தரும் மூலப் படத்தைத் தனி ஃபோல்டரில் போட்டுத் தொடாமல் வையுங்கள். திருத்தமெல்லாம் நகலில்தான்.

புள்ளி வைத்த எழுத்தில் புள்ளி இல்லை

கூத்து வாத்தியார் ஒருவர் தன் பாரதக் கூத்துப் புத்தகத்தை என்னிடம் கொண்டுவரும் முன்பே வேலூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்து வைத்திருந்தார். பிடிஎஃப் பளிச்சென்று இருந்தது. வெள்ளை வெளேரென்ற தாள், கரிய எழுத்து. படிக்கத் தொடங்கியதும்தான் தெரிந்தது: 'கண்ணன்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'கணணன'. பக்கத்துக்கு நாற்பது ஐம்பது புள்ளிகள் போயிருந்தன.

இரண்டு காரணங்கள் சேர்ந்து இதைச் செய்கின்றன. கறுப்பு வெள்ளை மோடில் ஸ்கேனர் ஒவ்வொரு இடத்தையும் ஒன்று கறுப்பு, இல்லையேல் வெள்ளை என்று முடிவு கட்டிவிடும். மங்கிய புள்ளி வெள்ளைப் பக்கம் போய்விடும். தப்பிப் பிழைத்த புள்ளியைத் 'தூசி நீக்கு' என்ற வசதி தூசி என்று நினைத்துத் துடைத்துவிடும். ஆங்கிலப் பக்கத்தில் இதனால் பெரிய சேதம் இல்லை. தமிழில் புள்ளி போனால் மெய் உயிர்மெய்யாகிவிடும், சொல்லே மாறிவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல், என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 12 பிக்சல். சிறிய எழுத்தில் புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு, ஐந்து பிக்சல்தான் தேறும். அதையே 150 டிபிஐயில் எடுத்தால் இரண்டு பிக்சல். தூசிக்கும் அதே அளவு.

தீர்வு: சாம்பல் மோடில், அதாவது கிரேஸ்கேலில், அல்லது கலரில் எடுங்கள். சாதாரண எழுத்துக்கு 300 டிபிஐ போதும். நோட்டீஸின் அடியில் வரும் பொடி எழுத்துக்கு 400 அல்லது 600. ஸ்கேனர் மென்பொருளில் தூசி நீக்கம், பின்னணி நீக்கம், எழுத்தைத் தெளிவாக்குதல் என்று இருப்பவற்றை எல்லாம் அணைத்துவிடுங்கள். பிறகு ஸ்கேன் டெய்லர் என்ற மென்பொருளில் பக்கங்களைச் சுத்தம் செய்யும்போது தூசி நீக்கத்தை மிகக் குறைந்த அளவில் வைத்து, ஒரு வரியை எடுத்துப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் புள்ளிகளை எண்ணுங்கள். எண்ணிக்கை ஒத்துவந்தால் மட்டும் மற்ற பக்கங்களுக்குப் போங்கள்.

கறுப்பு வெள்ளையில் எடுத்து முடித்த பிடிஎஃப் மட்டும் கையில் இருந்தால் அதிலிருந்து புள்ளியை மீட்க வழியில்லை. புத்தகத்தைத் தேடிப் பிடித்து மறுபடி எடுக்க வேண்டியதுதான். வாத்தியார் புத்தகத்தைத் தந்தார், ஆனால் ஒரு நிபந்தனையோடு: "தம்பி, தையலை மட்டும் பிரிச்சுடாதீங்க. எங்க நைனா கைப்பட தைச்சது."

நடுமடிப்பில் எழுத்து வளைகிறது, மங்குகிறது

தையல் பிரிக்கக் கூடாத புத்தகத்தில் இதுதான் அடுத்த தலைவலி. மெல்லிய, எடை குறைந்த ஸ்கேனர்களில் இருப்பது சிஐஎஸ் உணரி. கண்ணாடியை ஒட்டிய தாளை நன்றாக எடுக்கும், சில மில்லிமீட்டர் மேலே எழும்பிவிட்டால் மங்கலாகிவிடும். சிசிடி உணரி உள்ள, கொஞ்சம் தடித்த பழைய மாடல்கள் அந்த எழும்பலைத் தாங்கும். கடையில் பழைய சிசிடி ஸ்கேனர் கிடைத்தால் விடாதீர்கள்.

புத்தகத்தின் முதுகை அழுத்திப் பிடிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அழுத்தாதீர்கள். அந்தக் காலத்து மட்டத் தாளில் அமிலம் அதிகம், மடிப்பில்தான் முதலில் உடையும். இங்கே கத்திரி வெயிலில் பிற்பகல் இரண்டு மணிக்குத் தாள் அப்பளம்போல ஆகிவிடும். அந்த மாதங்களில் நான் காலை எட்டு மணிக்குள் வேலையை முடித்துக்கொள்வேன், அதுவும் மின்விசிறியை அணைத்துவிட்டு.

இந்தப் புத்தகங்களுக்குக் கேமராதான் சரி. இரண்டு துண்டுகளைச் சுருட்டி இரு பக்கமும் வைத்து, புத்தகம் ஏறக்குறைய 100 பாகையில் விரிந்து கிடக்கும்படி செய்யுங்கள். முதலில் வலப்பக்கங்கள் எல்லாம், பிறகு புத்தகத்தைத் திருப்பி இடப்பக்கங்கள் எல்லாம். எடுக்கும் பக்கம் கேமரா லென்சுக்கு நேராக இருக்க வேண்டும். அதன்மேல் மெல்லிய கண்ணாடித் துண்டை மெதுவாகப் படியவிடுங்கள், அமுக்க வேண்டாம். விளக்குகள் இரு பக்கமும் 45 பாகைச் சாய்வில் இருக்கட்டும். கண்ணாடியில் கேமராவின் நிழலுருவம் விழுந்தால் கேமராவைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டுங்கள்.

போனில் எடுத்தால் பக்கத்தின் குறுக்கே பட்டை பட்டையாக நிழல்

டியூப் லைட்டின் வேலை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை கூடிக் குறையும். போன் கேமரா படத்தை வரிவரியாகப் பதிவதால் அந்த ஏற்ற இறக்கம் பட்டையாக விழும். கேமரா செயலியில் புரோ மோடுக்குப் போய் ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வையுங்கள். அந்த வசதி இல்லையென்றால் விளக்கை அணைத்துவிட்டு, நேர் வெயில் படாத ஜன்னலோரத்தில் எடுங்கள்.

பின்பக்கத்து எழுத்து முன்பக்கத்தில் தெரிகிறது

தாள் மெலிது. எடுக்கும் பக்கத்துக்குப் பின்னால் கறுப்பு அட்டை ஒன்றைச் செருகுங்கள். பெரும்பாலும் அவ்வளவுதான். தாள் சற்று இருட்டாக விழும், அதைப் பிறகு நகலில் சரிசெய்யலாம்.

எல்லாப் பக்கத்திலும் ஒரே இடத்தில் நேர்கோடு

தாளைத் தானாக இழுக்கும் ஸ்கேனரில் ஒரு குறுகிய கண்ணாடிப் பட்டை இருக்கும். அதில் ஒரு தூசி ஒட்டினால் அது எல்லாப் பக்கத்திலும் கோடாகும். பஞ்சில்லாத மெல்லிய துணியால் துடையுங்கள். பழைய தாளை இந்த இழுக்கும் ஸ்கேனரில் விடவே வேண்டாம். துருப்பிடித்த ஸ்டேபிள் பின் ஒன்று போதும், கண்ணாடியும் கீறும், தாளும் கிழியும்.

அச்சிட்ட புகைப்படத்தில் வலை வலையாக

அச்சுப் படம் சிறு சிறு புள்ளிகளால் ஆனது. அந்தப் புள்ளி வரிசையும் ஸ்கேனரின் வரிசையும் மோதும்போது வலை போன்ற உரு வரும். 600 டிபிஐயில் எடுத்துவிட்டுப் படிப்பதற்கான நகலை மட்டும் 300ஆகக் குறையுங்கள்.

எழுத்து தெளிவாக இருக்கிறது, ஆனால் தேடினால் கிடைக்கவில்லை

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வாத்தியாரின் புத்தகத்தை மறுபடி எடுத்து, டெசராக்ட் என்ற மென்பொருள் கொண்டு ஓசிஆர் செய்து, அதாவது படத்தில் உள்ள எழுத்தைத் தேடக்கூடிய உரையாக மாற்றி, பிடிஎஃப் ஆக்கினேன். பாரதக் கூத்துப் புத்தகத்தில் 'பாரதம்' என்று தேடினால் மூன்றே மூன்று இடம். 'திரௌபதி' என்று தேடினால் ஒன்றும் இல்லை. கண்ணுக்கு எதிரே பக்கத்துக்கு நான்கு திரௌபதி இருக்கிறாள். ஓசிஆர் தந்த உரையைத் தனியாக எடுத்துப் பார்த்தபோது காரணங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

முதலாவது, ரகரமும் துணைக்காலும். பழைய ஈய அச்சில் இரண்டும் ஏறக்குறைய ஒரே உருவம். ரகரத்தின் அடியில் இருக்கும் சின்னக் கால் தேய்ந்துபோனால் மனிதக் கண்ணே சொல்லை வைத்துத்தான் கண்டுபிடிக்கும். ஓசிஆர் அதைப் 'பாாதம்' என்றும் 'பரரதம்' என்றும் எழுதியிருந்தது. தமிழில் இரண்டு துணைக்கால் அடுத்தடுத்து வராது. ஆகவே உரையில் இரட்டைத் துணைக்கால் எங்கே இருக்கிறது என்று தேடினாலே இந்தப் பிழைகளில் பெரும்பகுதி சிக்கிவிடும்.

இரண்டாவது, ஔகாரம். 'திரௌபதி' என்பதில் இருப்பது ஒரே குறி. அதையே ஒற்றைக்கொம்பும் ளகரமுமாகத் தட்டினால் 'திரெளபதி' என்று வரும். பார்வைக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு வேறு. ஓசிஆர் மட்டுமல்ல, மனிதர்களும் தட்டச்சில் இப்படித்தான் தவறுகிறார்கள். யூனிகோடு ஒழுங்குபடுத்தும் கருவி ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் சேர்த்து ஒகரக் குறியாக்கிவிடும், ஆனால் ளகரத்தை அது தொடாது. அதை நீங்களே தேடி மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் ஒரே அடியாக மாற்றிவிடாதீர்கள். 'தெளிவு', 'வெளி' எல்லாம் நாசமாகும்.

மூன்றாவது, ஸ்ரீ. கோயில் நோட்டீஸில் இது இல்லாத வரி அபூர்வம். 'ஸ்ரீ ஜலகண்டேஸ்வரர்' என்று தேடுகிறவர் ஸகரத்தில் தொடங்கும் ஸ்ரீயைத் தட்டியிருக்கலாம். கோப்பில் இருப்பது ஶகரத்தில் தொடங்கும் ஶ்ரீயாக இருக்கலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே தெரியும். ஏதாவது ஒன்றை முடிவுசெய்து முழுக்க அதையே வையுங்கள்.

நான்காவது, வரி ஒடிவது. பழைய புத்தகங்களில் இடம் போதாவிட்டால் 'திரௌ' என்று ஒரு வரியிலும் 'பதி' என்று அடுத்த வரியிலும் போட்டுவிடுவார்கள். இணைப்புக்கோடு எதுவும் இருக்காது. வசனப் பகுதியில் வரிகளைச் சேர்த்த உரையைத் தனிக் கோப்பாக வைத்தால் தேடல் பிடிக்கும். விருத்தமும் தருவும் வரும் இடங்களில் வரியைச் சேர்க்க வேண்டாம், பாட்டின் அமைப்பு போய்விடும்.

இவ்வளவும் செய்த பிறகும் சில இடங்கள் வரவில்லை. காரணம் பிழையே இல்லை. புத்தகத்தில் பாதி இடங்களில் இருப்பது 'துரோபதை'. கூத்தில் அப்படித்தான் பாடுகிறார்கள். அதைத் திருத்த நமக்கு உரிமை இல்லை. குறிச்சொல்லில் இரண்டு வடிவங்களையும் சேர்த்தேன், உரையைத் தொடவில்லை.

ஓசிஆர் முழுக்க உளறலாக வருகிறது

முதலில் மொழித் தெரிவைப் பாருங்கள். ஆங்கிலமும் தமிழும் கலந்த பள்ளி மலரைத் தமிழ் மட்டும் என்று ஓட்டினால் ஆங்கிலப் பெயர்கள் எல்லாம் அர்த்தமற்ற தமிழ் எழுத்துகளாகும். இரண்டு மொழியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இன்டர்நெட் ஆர்க்கைவில் நேரடியாக ஏற்றுகிறவர்கள் மொழி என்ற கட்டத்தில் தமிழைக் குறிக்க மறந்தாலும் இதே கதைதான்.

இரண்டு பத்தி அமைப்பில் அச்சான பக்கத்தில் இடது பத்தியின் வரியும் வலது பத்தியின் வரியும் ஒட்டிக்கொண்டு வந்தால், பக்க அமைப்பைத் தவறாகப் படிக்கிறது என்று பொருள். ஸ்கேன் டெய்லரில் பத்திகளைத் தனித்தனிப் படமாக வெட்டி ஓட்டுவதுதான் எனக்கு எப்போதும் கைகொடுத்த வழி.

பழைய எழுத்து இன்னொரு காரணம். 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. அதற்கு முந்தைய அச்சில் லை, னை ஆகியவை யானைத் துதிக்கை போன்ற வளைவோடு இருக்கும். ஓசிஆருக்கு அவை பெரும்பாலும் பிடிபடாது. ஆனால் ஒரே புத்தகத்தில் ஒரே எழுத்து அநேகமாக ஒரே விதமாகத்தான் தப்பாகும். ஐந்து பக்கங்களைக் கையால் திருத்தி, எந்தப் பழைய எழுத்து எதுவாக மாறியிருக்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்து மாற்றுங்கள். அந்தக் குறிப்புத் தாள் அதே அச்சகத்தின் அடுத்த புத்தகத்துக்கும் உதவும்.

வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம் பக்கத்திலிருந்து தமிழும் உருதும் கலந்த நோட்டீஸ்கள் வருவதுண்டு. உருதுப் பகுதியை வெட்டித் தனியாக உருது மொழியில் ஓட்டுங்கள். அரபு எழுத்தில் எழுதிய தமிழ், அதாவது அரபுத்தமிழ், வந்தால் ஓசிஆரை விட்டுவிடுங்கள். நல்ல படமும், படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதிய உள்ளடக்கக் குறிப்பும் போதும்.

பிடிஎஃப்பில் தமிழ் தெரிகிறது, நகலெடுத்து ஒட்டினால் ஆங்கிலக் குப்பை

இது ஸ்கேன் அல்ல. டிடிபி காலத்தில் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டிய கோப்பு. அவற்றில் தமிழ் உருவம் ஆங்கில எழுத்தின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். எந்த எழுத்துரு என்று தெரிந்தால் என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டு யூனிகோடாக்கலாம். தெரியாவிட்டால், ஓசிஆர் மை பிடிஎஃப் கருவியில் ஏற்கெனவே இருக்கும் உரையைப் புறக்கணித்துப் புதிதாகப் படிக்கச் சொல்லும் தெரிவு இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். எழுத்து புத்தம் புதிதாக இருப்பதால் ஓசிஆர் நன்றாகவே வரும்.

எண் மாறியிருக்கிறது

சங்க அறிக்கையின் வரவுசெலவுப் பக்கத்தில் 6 இருந்த இடத்தில் 8 இருந்தால் கண்ணைச் சந்தேகப்படாதீர்கள். 2013இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியக் கணினி அறிஞர், சில நகல் இயந்திரங்கள் ஸ்கேன் செய்யும்போது எண்களையே மாற்றிவிடுவதைக் கண்டுபிடித்து வெளிப்படுத்தினார். ஜேபிக்2 என்ற சுருக்கும் முறையில் இழப்புள்ள வகை ஒன்று உண்டு. ஒன்றுபோல் தெரியும் உருக்களை ஒரே உரு என்று முடிவுசெய்து, ஒன்றின் இடத்தில் மற்றொன்றை ஒட்டிவிடும். தமிழில் னகரமும் ளகரமும் மங்கலாக இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். பிடிஎஃப் ஆக்கும்போது இழப்புள்ள ஜேபிக்2 தெரிவை எங்கே கண்டாலும் அணைத்துவிடுங்கள். கணக்குப் பக்கங்களில் கூட்டுத்தொகையை ஒருமுறை கூட்டிப் பார்ப்பது நல்ல சோதனை.

கோப்பு மிகப் பெரிது, அல்லது திறக்கவே மாட்டேன் என்கிறது

ஏ4 பக்கம் 300 டிபிஐ கலரில் சுருக்காமல் 26 எம்பி வரும், சாம்பலில் 9 எம்பிக்குள். நூறு பக்கக் கலர் புத்தகம் என்றால் 2.6 ஜிபி. டிஃப் வடிவத்தில் இருக்கும் இந்த மூலத்தைக் குறைக்காதீர்கள். இணையத்துக்கு மட்டும் ஜேபெக் சுருக்கத்தில் பிடிஎஃப் செய்யுங்கள்.

திறக்காத கோப்புக்குப் பெரும்பாலும் கரண்ட் போனதுதான் காரணம். எழுதிக்கொண்டிருந்தபோது பாதியில் நின்ற கோப்பு அளவில் சிறியதாக இருக்கும். ஃபோல்டரை அளவு வாரியாக அடுக்கினால் உடனே கண்ணில் படும். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் முன் இதைப் பாருங்கள். மூலங்களுக்கு இரண்டு ஹார்ட் டிஸ்க், அதில் ஒன்று வேறு வீட்டில்.

ஏற்றியதை நீக்கிவிட்டார்கள்

உரிமை இன்னும் முடியாத நூலாக இருக்கும். இந்தியாவில் ஆசிரியர் இறந்த பிறகு 60 ஆண்டுவரை உரிமை உண்டு. ஆசிரியர் பெயரே இல்லாத வெளியீடு என்றால் வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு. தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கியவர்களின் நூல்களுக்கு இந்தத் தடை இல்லை. மற்றவற்றுக்கு ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு, குடும்பத்தாரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். கேட்டவர்களில் பலர் மகிழ்ச்சியோடு தந்திருக்கிறார்கள்.

ஊர் பெயரில் தேடினால் வரவில்லை, ஆண்டும் தப்பாக இருக்கிறது

புத்தகத்தில் 'வடவார்க்காடு ஜில்லா' என்று இருக்கும். ஏற்றியவர் 'வேலூர் மாவட்டம்' என்று போட்டிருப்பார். ஆரணிப் புத்தகம் என்றால் அது தப்பு. 1911இல் சித்தூர் தனி மாவட்டமானது. 1989இல் வட ஆர்க்காடு இரண்டாகப் பிரிந்தது, ஆரணியும் செய்யாறும் திருவண்ணாமலைப் பக்கம் போயின. 2019இல் வேலூர் மறுபடி பிரிந்து வாலாஜா ராணிப்பேட்டை மாவட்டத்துக்கும், வாணியம்பாடி திருப்பத்தூர் மாவட்டத்துக்கும் போனது. ஆகவே அச்சில் உள்ளதை அப்படியே ஒரு கட்டத்திலும், இன்றைய மாவட்டத்தை இன்னொரு கட்டத்திலும் எழுதுங்கள். வட ஆர்க்காடு, வட ஆற்காடு, வடார்க்காடு என்ற எழுத்து வடிவங்களைக் குறிச்சொல்லில் சேருங்கள்.

ஆண்டில் இன்னும் கவனம் வேண்டும். அண்மையில் எனக்கு வந்த அக்னி வசந்த விழா நோட்டீஸில் 'விக்ருதி வருடம் பங்குனி மாதம்' என்று மட்டும் இருந்தது. தமிழ் ஆண்டு 60 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றி வரும். விக்ருதி என்றால் 1890-91 ஆகலாம், 1950-51உம் ஆகலாம். தாளை வைத்துச் சொல்ல முடியவில்லை, ராமபாணப் பூச்சி துளைத்து இரண்டுக்கும் பொருந்தும் நிலையில்தான் இருந்தது. நோட்டீஸின் உள்ளேயே தடயம் தேட வேண்டும். நயா பைசாவில் விலை இருந்தால் 1957க்குப் பிந்தையது. முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972க்குப் பிந்தையது. இதில் இரண்டும் இல்லை. ஆனால் பொடி எழுத்தில், கடைசிக்கு முந்தின வரியில், 'ஒலிபெருக்கி வசதி செய்யப்பட்டுள்ளது' என்று இருந்தது. அப்படியானால் பிந்தைய சுற்றுதான். பங்குனி என்பதால் ஆங்கில ஆண்டு 1950 அல்ல, 1951. அப்படியே பதிந்து, எதை வைத்து முடிவுசெய்தேன் என்பதையும் குறிப்புக் கட்டத்தில் எழுதிவைத்தேன்.